பேட்ச் வந்ததும் சோதனை தானாக ஓடட்டும்

மதுரை டவுன் பஸ் வழித்தடங்களைத் தேடித் தரும் செயலி மாதிரி ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் திட்டத்தை நாலு பேர் ஓய்வு நேரத்தில் நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பேட்சையும் (நிரல் திருத்தத்தையும்) இறக்கி ஓட்டிப் பார்க்க யாருக்கு நேரம்? பொதுத் திட்டம் என்றால், நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் தானியங்கி வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் வழக்கமான ரன்னர்கள் (சோதனையை ஓட்டித் தரும் கணினிகள்) இலவசம். புல் ரிக்வெஸ்ட் (பேட்சைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) வந்தவுடன் சோதனைகளை ஓட்டும்படி ஒரு யாமல் கோப்பு (ஒர்க்ஃப்ளோ எனப்படும் அமைப்புக் கோப்பு) போதும்.

முதல் சோதனையை ஊர்ப் பெயர்களில் ஆரம்பியுங்கள். 'கோரிப்பாளையம்' என்பதில் வரும் ஓகாரக் குறி யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையில்) ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஏகாரக் குறியும் துணைக்காலுமாகப் பிரிந்தும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. நிரலைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது இரண்டையும் ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி வரியை நீக்கிவிட்டால் தேடலில் ஊரே காணாமல் போகும். இரண்டு வடிவத்தையும் தேடும் சோதனை இருந்தால் சிவப்புக் குறி உடனே விழும்.

அப்புறம், அந்த யாமல் கோப்பில் சோதனை எப்போது ஓட வேண்டும் என்ற இடத்தில் 'புல் ரிக்வெஸ்ட்' என்றே இருக்கட்டும். 'புல் ரிக்வெஸ்ட் டார்கெட்' போட்டு, வந்த நிரலையே அதில் ஓட்டினால் உங்கள் ரகசியச் சாவிகள் முன்பின் தெரியாதவர் கைக்குப் போகலாம். புதியவரின் பேட்சுக்கு 'அப்ரூவ்' அழுத்துமுன் அவர் ஒர்க்ஃப்ளோ கோப்பைத் தொட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

பல நாள் காத்திருந்த பேட்சின் பச்சைக் குறியை நம்ப வேண்டாம். அதற்குள் திட்டத்தின் முதன்மைக் கிளையான மெயின் மாறியிருக்கலாம். பேட்ச் இருக்கும் கிளையை மெயினோடு புதுப்பித்துவிட்டு ஓட்டுங்கள். 'ரீரன்' மட்டும் அழுத்தினால் பழைய கமிட்தான் (முன்பு பதிவான நிரல்தான்) மறுபடி ஓடும்.