பனிக்காலக் கட்டடத் தளத்தில் மின் ஹீட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொராண்டோ பக்கம் பனி கொட்டுகிறது என்பதற்காகக் கட்டட வேலை நிற்பதில்லை. சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, உள்ளே சூடேற்றி, கான்கிரீட் போடுகிறார்கள், டிரைவால் (ஜிப்சம் பலகைச் சுவர்) பூசுகிறார்கள். இதற்குப் புரோப்பேனை விட மின் ஹீட்டர் நல்லது என்பதில் சந்தேகமே வேண்டாம். திறந்த தீயில் எரியும் புரோப்பேன் ஹீட்டர், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடை ஆட்கள் நிற்கும் இடத்திலேயே விடக்கூடியது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும், பூச்சு காயாது. அதன் கார்பன் டை ஆக்சைடு, புதுக் கான்கிரீட்டின் மேற்பரப்பில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து, தரையைத் தேய்த்தால் மாவாக உதிரும்படி செய்துவிடும்.

மின் ஹீட்டரில் இந்த மூன்றும் இல்லை. புகை இல்லாததாலேயே கவனம் தளர்ந்துவிடுகிறது. ஆபத்து அங்கிருந்து வயருக்கும் பிளக்குக்கும் தார்ப்பாய்க்கும் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தார்ப்பாயைச் சரிசெய்யாமல் ஹீட்டரைக் கூட்டுவது

பணத்தை அதிகம் தின்னும் தவறு இது. 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் ஒரு கூடாரம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே மைனஸ் 15 டிகிரி, உள்ளே 10 டிகிரி வேண்டும்; வித்தியாசம் 25. நான்கு பக்கமும் மேலும் சேர்த்து 188 சதுர மீட்டர். ஒற்றைத் தார்ப்பாய் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 6 வாட் வெளியேறும். மொத்தம் 28 கிலோவாட். உள்ளே உள்ள காற்று மணிக்கு இரண்டு முறை மாறினால் அதற்கு இன்னொரு 4 கிலோவாட். ஆக 32.

அதே கூடாரத்துக்கு, உள்ளே பஞ்சு அடைத்த தார்ப்பாயைக் கட்டினால், 6 வாட் 2 வாட்டாக இறங்கும்; மொத்தத் தேவை 13 கிலோவாட்டுக்கு வந்துவிடும். ஆனால் காற்றடித்து ஒரு மூலை பிய்ந்துகொண்டால், மணிக்கு இரண்டு முறை மாறிய காற்று ஆறு முறை மாறும். அதற்கு மட்டுமே 12 கிலோவாட் போகும். ஆகவே ஹீட்டரை வாடகைக்கு எடுக்கும் முன் மூலைகளையும், தரையோரத்தையும், ஆட்கள் வந்துபோகும் வாசலையும் அடைக்க வேண்டும். தார்ப்பாயில் தீ தாங்கும் தரக்குறி, அதாவது என்.எஃப்.பி.ஏ. 701 அல்லது கனடாவின் யு.எல்.சி. எஸ்109, இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண பாலித்தீன் ஷீட்டை ஹீட்டர் பக்கம் கட்டவே கூடாது. ஹீட்டரைச் சுற்றிக் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். ஹீட்டர் தயாரித்த கம்பெனி அதிகம் கேட்டால் அதைவிட அதிகம். காற்றில் தார்ப்பாய் உள்ளே உப்பி வரும்போதும் அந்த இடைவெளி மிஞ்ச வேண்டும்.

பெயர்ப்பலகையில் உள்ள வோல்டேஜைப் படிக்காதது

240 வோல்ட் ஹீட்டரை 208 வோல்ட் லைனில் போட்டால் ஓடும். ஆனால் வெப்பம் 75 சதவீதம்தான் வரும். 10 கிலோவாட் என்று வாடகை கட்டிவிட்டு ஏழரைதான் கிடைக்கும். தலைகீழாக, 208 வோல்ட் ஹீட்டரை 240-இல் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தியை இழுத்து, சூடேறும் கம்பியான காயிலே எரிந்துபோகும். 30 கிலோவாட் த்ரீ ஃபேஸ் ஹீட்டர் 600 வோல்டில் 29 ஆம்பியர்தான் இழுக்கும். 208 வோல்டில் அதே வெப்பத்துக்கு 83 ஆம்பியர். கேபிளும் பிரேக்கரும் அதற்கேற்ப மாற வேண்டும்.

த்ரீ ஃபேஸ் மோட்டார் உள்ள மாடல்களில் இரண்டு ஃபேஸ் மாறிப் போனால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வழக்கம்போலவே இருக்கும். காற்று மட்டும் சரியாக வராது. காயில் பழுத்து, உள்ளே உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச் விழும். ரீசெட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவதில் பயனில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து ஃபேஸ் வரிசையைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் வயர்

தீ பிறக்கக்கூடிய முக்கியமான இடம் இது. 120 வோல்டில் 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கிறது. மணிக்கணக்கில் ஓடும் லோடுக்கு 15 ஆம்பியர் பிரேக்கரில் 80 சதவீதம், அதாவது 12 ஆம்பியர்தான் கணக்கு. ஒரே ஒரு ஹீட்டரே அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. இரண்டாவதை அதே லைனில் செருகவே கூடாது. பவர் பார் (பல சாக்கெட் உள்ள பலகை) வழியாகச் செருகுவது அதைவிட மோசம்.

30 மீட்டர் நீள 16 கேஜ் வயரில் (கேஜ் எண் கூடினால் வயர் மெலியும்) இந்த ஹீட்டரைப் போட்டால், வயரிலேயே சுமார் 10 வோல்ட் தொலைகிறது. 125 வாட் வெப்பம் வயருக்குள் உண்டாகிறது. வயர் தரையில் நீளமாகக் கிடந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். ரீலில் சுற்றியபடியே விட்டால் 125 வாட்டும் ஒரே கட்டுக்குள் அடைபட்டு, உள் சுற்றுகளின் உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டும். 12 கேஜ் வயரில் அதே நீளத்துக்கு 50 வாட்தான். எனவே 12 கேஜ், முழுவதும் பிரித்துப் போட்டது, முடிந்த அளவு குட்டை. ஹீட்டர் ஓடிப் பதினைந்து நிமிடம் கழித்து பிளக்கின் உடலைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. சாக்கெட்டையும் பிளக்கையும் மாற்றாமல் ஓட்டக் கூடாது. இணைப்புகள் பனி உருகித் தேங்கும் குட்டையில் கிடக்காமல் மேலே தூக்கிக் கட்ட வேண்டும்.

ஜி.எஃப்.சி.ஐ. விழுகிறது என்று அதைக் கழற்றுவது

ஜி.எஃப்.சி.ஐ. என்பது மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், நம் ஊர் ஆர்.சி.சி.பி. போன்றது. நம் ஊர் வீடுகளில் ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும், இங்கே ஜி.எஃப்.சி.ஐ. 5-இலேயே விழுந்துவிடும். குளிரில் ஈரமாகக் கிடந்த ஹீட்டரின் காயிலுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சியிருக்கும், போட்டதும் கசியும். ஹீட்டரை உலர்ந்த சூடான அறையில் வைத்துக் காயவிட்டு, இன்சுலேஷனை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெகரில் சோதித்த பிறகு போடுவதுதான் வழி. ஜி.எஃப்.சி.ஐ.யைக் கழற்றினால் அந்தக் கசிவு ஈரத்தரையில் நிற்கும் ஆளின் உடல் வழியாகப் போகக்கூடும்.

ஜெனரேட்டர்

30 கே.வி.ஏ. ஜெனரேட்டரை 0.8 பவர் ஃபேக்டரில்தான், அதாவது கே.வி.ஏ.யில் 80 சதவீதம்தான் கிலோவாட் என்று, மதிப்பிடுகிறார்கள். அதன் எஞ்சின் தருவது 24 கிலோவாட். 30 கிலோவாட் ஹீட்டரை அது தாங்காது. ஜெனரேட்டரைத் தார்ப்பாய் ஓரத்தில் நிறுத்தினால், விரட்டிய கார்பன் மோனாக்சைடு தையல் வழியாக உள்ளே வந்துவிடும். தள்ளி, காற்று போகும் திசையில் நிறுத்தி, கூடாரத்துக்குள் கண்காணிப்புக் கருவியும் வையுங்கள்.

காற்றை அளந்து கான்கிரீட்டை மறப்பது

தெர்மோஸ்டாட்டை ஹீட்டர் பக்கத்திலேயே மாட்டினால் அது சீக்கிரம் அணைந்துவிடும்; மூலைகள் உறைந்தபடியே இருக்கும். அளக்க வேண்டியது கான்கிரீட்டை, அதிலும் ஸ்லாபின் ஓரத்தையும் மூலையையும். கனடியத் தரவிதி சி.எஸ்.ஏ. ஏ23.1 அடிப்படை கியூரிங்குக்கு (கான்கிரீட் வலுப்பெறும்படி ஈரமும் சூடும் காப்பதற்கு) கேட்பது 10 டிகிரிக்குக் குறையாமல் 3 நாள், அல்லது குறித்த வலிமையில் 40 சதவீதம் வரும் வரை. உறைந்த மண்ணின் மேல் வார்த்துவிட்டு மேலே சூடேற்றுவது வீண். மண்ணை முதலில் இளக்க வேண்டும்.

இன்னொன்று, வறட்சி. மைனஸ் 10 டிகிரிக் காற்றை 20 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் ஈரப்பதம் சுமார் 11 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்தக் காற்று புதுக் கான்கிரீட்டில் நேராக அடித்தால் தண்ணீர் பறந்து மயிரிழை வெடிப்பு விழும். ஹீட்டரின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஈரச்சாக்கும் அதன் மேல் பாலித்தீனும் மூடுங்கள், அல்லது ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும் கியூரிங் காம்பவுண்ட் அடியுங்கள்.

நிறுத்தும்போதும் அவசரம் கூடாது. அமெரிக்க ஏ.சி.ஐ. 306 வழிகாட்டுதல்படி, 30 சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள கான்கிரீட் முதல் 24 மணி நேரத்தில் 28 டிகிரிக்கு மேல் குளிரக் கூடாது. 30 முதல் 90 சென்டிமீட்டர் வரை 22 டிகிரி. ஆகவே முதலில் தெர்மோஸ்டாட்டைப் படிப்படியாக இறக்குங்கள். பிறகு காயிலை அணைத்து, கம்பெனி சொன்ன நேரம் வரை ஃபேனை மட்டும் ஓட விட்டு, அதன் பின் மெயினை நிறுத்துங்கள். தார்ப்பாயை மறுநாள் ஒரு பக்கமாக அவிழ்க்கத் தொடங்கலாம்.