ஹேண்டிகேப் கணக்கில் பலரும் சறுக்கும் இடங்கள்

ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறனைக் காட்டி, அவருக்கு எத்தனை அடி (பந்தை அடிக்கும் எண்ணிக்கை) சலுகை என்று சொல்லும் எண். ஹேண்டிகேப் 18 என்றால் பாருக்கு (தேர்ந்தவர் எடுக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை) மேல் சராசரியாக 18 அடி அடிப்பவர் என்றுதான் கோல்ஃபுக்குப் புதியவர்கள் பலரும் நினைக்கிறார்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. 2020-இல் அறிமுகமான உலக ஹேண்டிகேப் முறை எல்லா ரவுண்டையும் சேர்த்துச் சராசரி போடுவதில்லை. கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8 மட்டும்தான் கணக்கு. மீதி 12 எவ்வளவு சொதப்பினாலும் பாதிப்பில்லை. ஆக, அந்த எண் காட்டுவது உங்கள் நல்ல நாள் ஆட்டத்தை. அந்த அளவுக்கு ஆடுவது ஏறக்குறைய ஐந்து ரவுண்டில் ஒருமுறைதான் வாய்க்கும். "ஹேண்டிகேப்பைவிட நாலு அடி கூடிப்போச்சே" என்று ஒருவர் நொந்துகொண்டால், அன்று அவர் மோசமாக ஆடியிருக்க வேண்டும் என்பதில்லை, வழக்கம்போலவே ஆடியிருக்கலாம்.

அடுத்தது, இண்டெக்ஸையே, அதாவது அந்தச் சிறந்த 8 ரவுண்டிலிருந்து வரும் எண்ணையே, அப்படியே மைதானத்தில் பயன்படுத்துவது. இண்டெக்ஸ் எல்லா ஊருக்கும் பொதுவான எண். இன்று, இந்த மைதானத்தில், இந்த டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) எத்தனை அடி சலுகை என்பதைச் சொல்வது கோர்ஸ் ஹேண்டிகேப். இண்டெக்ஸை மைதானத்தின் ஸ்லோப் ரேட்டிங்கால் (இதையும் கோர்ஸ் ரேட்டிங்கையும் அடுத்து விளக்குகிறேன்) பெருக்கி 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்கு இண்டெக்ஸ் 18.0 என்று வைத்துக்கொள்வோம். ஸ்லோப் 130, ரேட்டிங் 73.1, பார் 72 உள்ள மைதானத்தில் 22 அடி கிடைக்கும். ஸ்லோப் 105, ரேட்டிங் 69.5, பார் 71 உள்ள இடத்தில் கிடைப்பது 15. ஒரே ஆள், ஏழு அடி வித்தியாசம்! பந்தயம் கட்டி ஆடுகிறவர்கள் இதைப் பார்க்காமல் இறங்கினால் பர்ஸ்தான் காலியாகும்.

ஸ்லோப் அதிகமென்றால் எல்லாருக்கும் கடினமான மைதானம் என்பதும் தப்புக் கணக்கு. தேர்ந்த ஆட்டக்காரருக்கு எவ்வளவு கடினம் என்பதைக் கோர்ஸ் ரேட்டிங் சொல்லிவிடும். அவரோடு ஒப்பிட்டால் சாதாரண ஆட்டக்காரர் இன்னும் எவ்வளவு திணறுவார் என்பதுதான் ஸ்லோப். 55 முதல் 155 வரை போகும். 113 பொது அளவு.

ஒரு ஹோலில் (பந்தைப் போட வேண்டிய குழி, அதற்கான ஆடுபாதையும் சேர்த்து) பந்து தண்ணீருக்குள் இரண்டு தடவை போய் 11 அடி ஆனால் அதை அப்படியே ஹேண்டிகேப் கணக்கில் ஏற்றக் கூடாது. நெட் டபுள் போகிதான் உச்சவரம்பு: பாரோடு 2, அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடிகள். மேலே சொன்ன 22 அடிக்காரருக்கு ஒரு ரவுண்டின் 18 ஹோல்களில் ஒவ்வொன்றிலும் ஓர் அடி உண்டு. மிச்சமுள்ள 4 அடி ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (சலுகை அடிகளை எந்த ஹோலுக்கு முதலில் தர வேண்டும் என்ற வரிசை எண்) 1 முதல் 4 வரையுள்ள ஹோல்களுக்குப் போகும். ஆகவே ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 3 உள்ள பார் 4 ஹோலில் அவர் கணக்குக்கு 4+2+2, அதாவது 8. போட்டியில் அடித்த 11 அடி 11 அடிதான், அது வேறு கதை.

நல்ல ஸ்கோர் கார்டை மட்டும் கொடுப்பவர்களும் உண்டு, மோசமானதை மட்டும் கொடுப்பவர்களும் உண்டு. முதல் வகையினர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். இரண்டாம் வகையினர் கோப்பைக்காகக் கூட ஆடுகிறவர்களை ஏமாற்றுகிறார்கள். இவர்களுக்குக் கடிவாளம் உண்டு. கடந்த ஓராண்டின் மிகக் குறைந்த இண்டெக்ஸைவிட 3.0-க்கு மேல் ஏறினால் அதற்கு மேலான உயர்வு பாதியாகும், 5.0-இல் நின்றேவிடும். திடீரென இண்டெக்ஸைவிட 7 அடி நன்றாக ஆடினால் கூடுதலாக 1 கழியும், 10 என்றால் 2.

இண்டெக்ஸ் வாங்க 20 ரவுண்டு முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 54 ஹோல்களின் ஸ்கோர் போதும். மூன்று ரவுண்டு கொடுத்தால், கணக்கில் மிகக் குறைந்து வருவதை எடுத்து அதிலிருந்தும் 2 கழித்துவிடுவார்கள். நாலாவது கார்டு வந்தால் கழிவு 1, ஐந்தாவதில் கழிவே இல்லை. அதனால் முதல் சில வாரங்களில் எண் சற்று ஏறினால் ஆட்டம் கெட்டுவிட்டது என்று பயிற்சியாளரை மாற்றாதீர்கள்.