வலிப்பு நோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ.: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது செல்லில் உள்ள சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறு; ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ.வின் அடிப்படை அலகு) நீளமே கொண்டது. தான் எந்தப் புரதத்தையும் உருவாக்காமல், புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைக்கும். வலிப்புக்குப் பின் மூளையில் பல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறுகிறது. அந்த மாற்றத்தையே நோய்க்குக் காரணம் என்று எழுதிவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

அளவு கூடியது வலிப்பின் விளைவாக இருக்கலாம். வலிப்பை அடக்க மூளை எடுக்கும் முயற்சியாகவும் இருக்கலாம். அந்த மூலக்கூறைத் தடுத்துப் பார்த்தால்தான் தெரியும். 2012இல் வெளியான ஆய்வில், தொடர் வலிப்புக்கு உள்ளான சுண்டெலிகளின் மூளையில் மிர்-134 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை (‘மிர்’ என்பது அதன் சுருக்கம்) முடக்கியபோது, பின்னர் தானாக வரும் வலிப்புகள் வெகுவாகக் குறைந்தன. மிர்-128 இதற்கு நேர்மாறு: அதை நீக்கிய சுண்டெலிகளுக்கு உயிர்குடிக்கும் வலிப்பு வந்தது. ஆகவே ‘கூடினால் கேடு’ என்று பொதுவிதி எழுத முடியாது.

எந்த நாளில் அளந்தார்கள் என்பதும் முக்கியம். மூளை முதலில் பாதிக்கப்படும் கட்டம், அறிகுறியற்ற இடைக்காலம், நாள்பட்ட நிலை மூன்றிலும் அளவுகள் வேறுபடும். ஒரே நாள் மாதிரியை வைத்து நோய் உருவாகும் விதத்தைச் சொல்ல இயலாது.

இரத்த மாதிரியில் நோயின் அடையாளத்தைத் தேடும்போதுதான் அதிக உழைப்பு வீணாகிறது. சிவப்பணு உடைந்தால் மிர்-451ஏ, மிர்-16 இரண்டும் பிளாஸ்மாவில் (இரத்தத்தின் நீர்ப்பகுதி) கொட்டி, நோயின் அடையாளம் போலத் தோன்றும். சிவப்பணு உடைந்ததா என்று அறிய 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். மிர்-23ஏயின் சி.டி. மதிப்பிலிருந்து (பி.சி.ஆர். என்ற நகலெடுக்கும் வினையில் மூலக்கூறு தென்படும் சுற்று எண்; அளவு கூடினால் இது குறையும்) மிர்-451ஏயின் மதிப்பைக் கழித்து 7க்கு மேல் வந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது பி.சி.ஆர். வினையைத் தடுக்கும், இரத்தம் உறையாமல் தடுக்க ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் உள்ள குழாயே சரி. தட்டணுக்கள் தங்காதிருக்க மையவிலக்கியில் இருமுறை சுழற்றுங்கள். பிளாஸ்மாவில் யு6 என்ற சிறு ஆர்.என்.ஏ.வை ஒப்பீட்டு அளவாக வைப்பது பழைய பழக்கம், அங்கே அது நிலையானதல்ல.

வலிப்பு நோயாளிகளுக்கு அறுவைசிகிச்சையில் அகற்றிய ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கான மூளைப்பகுதி) பெரும்பாலும் நியூரான்கள் அழிந்து, அவற்றைத் தாங்கும் கிளியா செல்கள் பெருகியிருக்கும். நியூரானுக்கே உரிய ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. அங்கே குறைந்து தெரிந்தால், நியூரான்கள் குறைந்ததே காரணமாக இருக்கலாம். செல்வகை வாரியாகப் பிரித்து அளக்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

இலக்கு மரபணுவைக் கணினிக் கணிப்போடு விட்டுவிடுவதும் போதாது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் 2 முதல் 8 வரையுள்ள நியூக்ளியோடைடுகளான விதைப்பகுதி (இலக்கோடு பொருந்தும் பகுதி) பொருந்தும் இடங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். லூசிஃபெரேஸ் சோதனையில் (ஒளி உமிழும் நொதியை வைத்து மரபணுவின் செயலை அளப்பது) அந்த இடத்தை மாற்றியமைத்தும் பார்க்க வேண்டும்.