ஏலகிரியில் பொது அடுப்பில் கறி சுடப் போகிறீர்களா?

குடும்பத்தோடு மலைக்குப் போகிறோம், அங்கேயே சிக்கன் சுட்டுச் சாப்பிடலாமா என்று காட்பாடிச் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பார்கள். எந்த மலை என்பதைப் பொறுத்தது. அமிர்தியில் கூடாது. அது ஜவ்வாது மலைக் காடு. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றம். என் பெரியப்பா அந்த மலையில் தீத்தடுப்புக் காவலராக இருந்தவர். மாசி பிறந்து புல் காய்ந்துவிட்டால் அவரை வீட்டில் பார்ப்பதே அரிது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போனவர்களின் உயிரை எடுத்ததே, அந்த மாதிரிக் காலம் அது.

ஏலகிரியில் சில விடுதிகளிலும் கூடார முகாம்களிலும் தங்குபவர்கள் எல்லோருக்கும் பொதுவான பார்பிக்யூ அடுப்பு வைத்திருப்பார்கள். அறை பிடிக்கும்போதே அடுப்பு எத்தனை மணி வரை கிடைக்கும், பக்கத்தில் தண்ணீர்க் குழாய் உண்டா என்று கேட்டுவிடுங்கள். குழாய் இல்லையென்றால் இரண்டு கேன் தண்ணீர் பிடித்து வைத்த பிறகுதான் தீக்குச்சியைத் தொட வேண்டும்.

கரியை வாணியம்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ வாங்கிக்கொண்டு மலையேறுங்கள். சீமைக்கருவேலக் கரியே போதும், நாலைந்து பேருக்கு இரண்டு கிலோ. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். கறியில் வாடை ஏறும், தீயும் சட்டென்று முகத்துக்கு எழும். தேங்காய் நாரும் கொட்டாங்கச்சியும் அடியில் வைத்து, கரியை மேலே குவித்து, ஒரு கட்டி சூடத்தால் பற்றவையுங்கள்.

அப்புறம் பொறுமை. சுடர் அடங்கி, கரி மேல் வெள்ளைச் சாம்பல் படர அரை மணி நேரம் ஆகும். சுடர் எரியும்போதே வைத்தால் கோழி வெளியே கருகும், எலும்பருகே பச்சையாக இருக்கும். தணலை ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் லேசாகவும் தள்ளிக்கொள்ளுங்கள். கால் துண்டுகளைக் கனமான பக்கத்தில் நிறம் வரவிட்டு, பிறகு லேசான பக்கத்தில் நிதானமாக வேகவிடுங்கள். எலும்பு வரை கீறிப் பார்த்தால் சிவப்பு தெரியக்கூடாது.

மசாலா தடவிய கறி ஐஸ் பெட்டியில்தான் வர வேண்டும். சித்திரை வெயிலில் காரின் டிக்கியில் சும்மா வைத்த கறியை நான் சாப்பிட மாட்டேன். பச்சைக் கறி இருந்த தட்டில் சுட்டதை வைக்காதீர்கள்.

பொது அடுப்பில் முந்தைய ஆள் என்ன சுட்டார் என்று நமக்குத் தெரியாது. சைவக் குடும்பமும் ஹலால் பார்க்கும் குடும்பமும் வந்து போகும் இடம் அது. சொந்தமாக ஒரு கம்பி வலை கொண்டுபோவதே எல்லோருக்கும் மரியாதை. அங்கிருக்கும் வலையைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், சூடாக்கி, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேயுங்கள். ஒட்டியிருப்பது கழன்று வந்துவிடும்.

கடைசித் தணலை இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு வைத்திருங்கள். இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டு முழுதாகச் சுட்டு, தோலுரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் எனக்குச் சிக்கனே வேண்டாம்.

தணலை மட்டும் மண் போட்டு மூடிவிட்டு வராதீர்கள். மண்ணுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுநாள் காலையில் ஒரு குழந்தை அதன்மேல் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். ஆவி வரும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோனால் துளி சூடும் தெரியக்கூடாது. மார்கழிக் குளிருக்கு இதமாக இருக்கும் என்று மிச்சத் தணலைக் கூடாரத்துக்குள் எடுத்துப் போகவே கூடாது. கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூங்கும்போதே உயிரைப் பறித்துவிடும்.

எலும்பையும் எச்சில் இலையையும் பையில் கட்டி, மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். வெளியே வைத்தால் விடிந்ததும் குரங்குகள் இழுத்துப் போட்டுவிடும்.