நான்கு ஊசிகளால் ஜெர்மானியத்தின் பேண்ட் கேப்பை அளப்பது எப்படி

பேண்ட் கேப் என்பது, படிகத்தில் கட்டுண்ட எலக்ட்ரானை விடுவித்து மின்னோட்டத்தைச் சுமக்க வைக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல். அதை அளக்க, ஜெர்மானியப் படிகத்தின் நடுவில் நான்கு ஊசிகளும் ஒரே வரிசையில் படும்படி மெதுவாக இறக்குங்கள், ஜெர்மானியம் கண்ணாடி மாதிரி, கொஞ்சம் அழுத்தினாலும் விரிசல் விட்டுவிடும். வெளி ஊசிகள் வழியாகச் சில மில்லிஆம்பியர் மின்னோட்டம், உள் ஊசிகளுக்கு இடையே வோல்ட்மீட்டர். ஏன் நான்கு? உள் ஊசிகளில் மின்னோட்டம் கிட்டத்தட்ட பாயாது, அதனால் ஊசி தொடும் இடத்தின் மின்தடை கணக்கில் கலப்பதில்லை. இந்த முறையின் அழகே இதுதான்.

சரி, மின்னோட்டத்தை மாற்றாமல், படிகம் இருக்கும் ஓவனை 150 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி அணைத்துவிடுங்கள். ஆறும்போது 5 டிகிரிக்கு ஒருமுறை வோல்ட்டேஜைக் குறியுங்கள். வேகமாகச் சூடேறும்போது எடுத்தால் வெப்பமானியும் படிகமும் ஒரே வெப்பநிலையில் இருக்காது.

அப்புறம் கிராஃப். மின்னோட்டம் மாறாததால், படிகப் பொருளின் மின்தடை எண் நீங்கள் குறித்த வோல்ட்டேஜுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதன் இயல் மடக்கை செங்குத்து அச்சில், கெல்வின் வெப்பநிலையின் தலைகீழி கிடை அச்சில். செல்சியஸிலேயே போட்டுவிடாதீர்கள், எல்லாமே கெட்டுவிடும். குறைந்த வெப்பநிலையில் கோடு வளையும், அங்கே மின்னோட்டத்தைச் சுமப்பவை பெரும்பாலும் படிகத்தில் கலந்த வேற்று அணுக்கள் (மாசு அணுக்கள்) தந்த ஊர்திகள், அதாவது எலக்ட்ரான்கள் அல்லது அவை விட்டுச்சென்ற காலியிடங்கள்; அதை விட்டுவிட்டு, அதிக வெப்பத்தில் நேராக ஓடும் பகுதியின் சாய்வை மட்டும் எடுத்து, போல்ட்ஸ்மன் மாறிலியின் (வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் எண்; எலக்ட்ரான் வோல்ட்/கெல்வின் அலகில் எடுங்கள்) இரு மடங்கால் பெருக்குங்கள். 0.7 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்.