பத்து லிட்டர் ரீஃப் டேங்க்: எங்கே சறுக்குகிறோம்?

"பெரிய தொட்டிக்கு இடமில்லை, சின்னதாகப் பவளம் வளர்த்துப் பழகிக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் திக்கென்று இருக்கும். ரீஃப் டேங்க் என்னும், பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் சின்னது என்றால் சுலபம் என்று அர்த்தமில்லை. இருநூறு லிட்டரில் ஒரு நத்தை செத்தால் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். பத்து லிட்டரில் அதே நத்தை ஒரே ராத்திரியில் அம்மோனியாவை ஏற்றிவிடும்.

நான் செய்த முதல் தப்பு, மட்டம் இறங்கும்போதெல்லாம் உப்புத் தண்ணீரை ஊற்றியது. கடல்நீர் குறைகிறது, கடல்நீரையே ஊற்றுகிறோம் என்று நினைத்தேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் பத்து லிட்டரில் 350 கிராம் உப்பு. ஒரு லிட்டர் வற்றி, அதை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் 385 ஆகும். இன்னொரு முறை செய்தால் 420, அதாவது லிட்டருக்கு 42 கிராம். என் ஸோவாந்தஸ் என்ற குட்டிப் பவளங்கள் எல்லாம் சட்டைப் பொத்தான் மாதிரி இறுக மூடிக்கொண்டன. நானோ வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து விளக்கைக் கூட்டினேன்!

இப்போது கண்ணாடியில் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டியிருக்கிறேன். தொட்டியின் அடி 30-க்கு 20 செ.மீ., ஆகவே மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 600 மி.லி. போய்விட்டது என்று கணக்கு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, உப்பில்லாத ஆர்ஓ-டிஐ தண்ணீர் (உப்பும் தாதுக்களும் வடிகட்டி நீக்கிய சுத்தத் தண்ணீர்) மட்டும் ஊற்றுகிறேன். மேலே ஒரு மூடி போட்டால் பாதி வேலை மிச்சம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் குளோரின், பாஸ்பேட், சில நேரம் செம்பும் வரும். செம்பு கலந்த மீன் மருந்தும் அப்படித்தான், பவளத்துக்கும் இறாலுக்கும் எமன்.

உப்பை அளக்கும் கருவியையும் கண்மூடி நம்பக் கூடாது. முள் ஆடும் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே முள் மேலே போய்விடும். ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது, ஆனால் அதை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

விளக்கு விஷயத்தில் திடீர் மாற்றம்தான் ஆபத்து. பவளத்தின் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. வெளிச்சம் சட்டென்று ஏறினால் பவளம் அவற்றை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். வெளுத்தது உடனே செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. புதிதாக வாங்கிய பவளத் துண்டைக் கீழே, மங்கலான இடத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல மேலேற்றுங்கள்.

அடுத்தது, தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் எண் குறைவாகத் தெரிந்ததும் பதறிப்போய் மருந்து ஊற்றுவது. மென்பவளங்கள் மட்டும் இருக்கும் சின்னத் தொட்டிக்கு வாரம் 10 முதல் 20 சதவீதம் தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் போதும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. தொட்டியின் ஆல்கலினிட்டி (அமிலத்தைச் சமாளிக்கும் திறன்; அதை டிகேஹெச் என்ற அலகில் சொல்வார்கள்) 8 டிகேஹெச், நீங்கள் கரைத்த சால்ட் மிக்ஸில், அதாவது கடலுப்புக் கலவையில், 12 என்றால், பாதித் தண்ணீரை மாற்றிய அன்றே தொட்டி 10-க்குத் தாவிவிடும். கல்பவளங்களின் நுனி கருகுவது பலமுறை இதனால்தான். 8-லேயே நில்லுங்கள், அல்லது 9-லேயே நில்லுங்கள். எண்ணைவிட அது ஆடாமல் இருப்பதுதான் முக்கியம்.

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யமாக்கத் துடிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படித் துடைத்து வைத்தால் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி, குமிழி குமிழியாக மணலை மூடும். அதை ஒழிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இட நெருக்கடியையும் யாரும் யோசிப்பதில்லை. பகலில் அடக்கமாகத் தெரியும் கேலக்ஸியா என்ற கல்பவளம், ராத்திரியில் நீளமான கொட்டும் இழைகளை நீட்டிப் பக்கத்துத் துண்டைச் சுட்டுவிடும். வேகமாகப் பரவும் ஸீனியா என்ற மென்பவளத்தைத் தனிக்கல்லில் வையுங்கள், இல்லாவிட்டால் தொட்டி முழுக்க அதுதான். மீனா? இந்த அளவில் வேண்டவே வேண்டாம். கோமாளி மீனுக்கும் பத்து லிட்டர் சிறைதான்.

கடைசியாகச் சொல்வது உங்கள் உயிரைப் பற்றியது. ஸோவாந்தஸ், அதன் உறவான பாலிதோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கிறது. வேண்டாத பாலிப்பை (பவளத்தின் ஒற்றை உயிரை) ஒழிக்கக் கொதிநீர் ஊற்றுவதும், அது ஒட்டிய கல்லை வேகவைப்பதும், காய்ந்த கல்லைத் தேய்ப்பதும் அந்த விஷத்தைக் காற்றில் கலந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அதைச் சுவாசிப்பார்கள். இந்தப் பவளங்களை வெட்டும்போது கையுறையும் கண்ணுக்குக் கவசமும் கட்டாயம். அதன்பின் வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று ஏதாவது தோன்றினால் எல்லோரும் வெளியே வந்து மருத்துவமனைக்குப் போங்கள். பவளத்தைத் தொட்டதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.