தோட்டத்து பழைய கிணத்த திரும்ப பொழங்கணும்னா என்ன செய்யணும்

2024 ஜனவரில வால்வு மாத்துறதுக்காக பினாங்குல 4 நாள் பைப்பு தண்ணி கட்டுன்னு அறிவிச்சாங்க இல்ல, அப்பதான் செபராங் பிறை பக்கம் ஒரு பழைய தோட்டத்துல எங்க பெரியம்மா லயத்து ஆளுங்க மூடி கெடந்த கிணத்த திரும்ப தொறந்தாங்க. தண்ணி பாக்க கண்ணாடி மாதிரி இருந்துச்சி, ஆனா அதே வாரத்துல ரெண்டு பிள்ளைங்களுக்கு வயித்தால போச்சி. அதுக்கப்புறம் நாங்க கத்துக்கிட்டத சொல்றேன்.

மொதல்ல கிணத்துல கை வைக்காதீங்க, சுத்தி நடந்து பாருங்க. ஜாம்பான் (கழிவறை) குழி, மாட்டுக் கொட்டாய், குப்ப மேடு எதுவா இருந்தாலும் கிணத்துல இருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்கணும், மேட்டுல இருந்தா இன்னும் தள்ளி. செம்பனைக்கு உரம் போடுற எடம்னா நைட்ரேட்டும் பூச்சி மருந்தும் டெஸ்ட் பண்ணியே ஆகணும். இத ஏன் அழுத்தி சொல்றேன்னா குளோரின் போட்டாலும் கொதிக்க வச்சாலும் நைட்ரேட் போகாது, கைக்கொழந்த பாலுக்கு அந்த தண்ணி ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கிற அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம், அதுக்கு மேல வந்துச்சின்னா அந்த கிணத்து தண்ணிய குடிக்கவே வேணாம்.

அடுத்தது கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் ஒன்னா கூடி செய்யிற வேல. தோட்டத்து ஆளுங்க இல்லாம வெளியில இருந்து நாம மட்டும் போய் செஞ்சிட்டு வந்தா அத யாரும் பாத்துக்க மாட்டாங்க, அதனால நாள் குறிக்கிறதே அவங்கள வச்சி குறிங்க. தண்ணிய எறைச்சி சேறு எடுத்து உள் சுவர பிரஷ் போட்டு தேய்க்கணும். பெட்ரோல் பம்ப கிணத்துக்குள்ள எறக்கவே எறக்காதீங்க, அந்த பொகையில ஆள் செத்துருவாங்க. நாள்பட்ட கிணத்துல காத்தும் இருக்காது, பழக்கப்பட்ட கிணறு வெட்டுற ஆள் தவிர யாரும் உள்ள எறங்க வேணாம், அவரும் இடுப்புல கயிறு கட்டி மேல ஆள் நிக்க வச்சிதான் எறங்கணும்.

தண்ணி ஊறி வந்ததும் குளோரின். கயித்துல கல்லு கட்டி ஆழம் அளந்துக்குங்க. 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் தண்ணின்னா ஏறக்குறைய 3,400 லிட்டர். அதுக்கு 65 விழுக்காடு கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் 260 கிராம் போதும், இல்ல வாசன சேக்காத 5 விழுக்காடு பிளீச்சுன்னா மூணர லிட்டர். நீச்சல் கொளத்துக்கு போடுற ட்ரைகுளோர் மாத்திர வேணாம், அது வேற சரக்கு. தூள மொதல்ல வாளி தண்ணில கரைச்சி ஊத்துங்க, கையொற போட்டுக்குங்க, டாய்லெட் கழுவுற ஆசிட் பக்கத்துலகூட வரக்கூடாது. 12 மணி நேரமாவது விட்டுட்டு, டெஸ்ட் கிட்ல குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு கீழ வர்ற வரைக்கும் எறைச்சி கொட்டுங்க, மீன் கொளத்து பக்கம் மட்டும் விட்டுடாதீங்க.

ரெண்டு வாரம் கழிச்சி, குளோரின் சுத்தமா போனதும், சாம்பிள் எடுங்க. கிருமி இல்லாத பாட்டில்ல எடுத்து ஐஸ் பெட்டில வச்சி அன்னிக்கே லேப்ல சேத்துடணும், 100 மில்லில ஈ.கோலைங்கிற மலக் கிருமி ஒன்னுகூட இருக்கக் கூடாது. மாவட்ட சுகாதார அலுவலகத்துல கேளுங்க, கிராமத்து தண்ணிக்கும் கழிவறைக்கும் சுகாதார அமைச்சுல பாகாஸ்னு ஒரு திட்டமே இருக்கு. ரிசல்ட் வர்ற வரைக்கும் குடிக்கிறத நல்லா தள தளன்னு கொதிக்க வச்சிதான் குடிக்கணும்.

எங்களுக்கு மொத தடவ எல்லாம் சரியா செஞ்சும் ரிசல்ட் மோசமாதான் வந்துச்சி. காரணம் வாளி! வீட்டுக்கு ஒரு வாளின்னு கொண்டு வந்து கோழி மேயிற மண்ணுல வச்சி அப்படியே உள்ள விட்டாங்க. அதனால கிணத்துக்குன்னு ஒரே வாளி, தொங்க விட ஒரு கொக்கி, சுத்தி சிமெண்டு தளம், எலியும் கொசுவும் போகாத மூடி, இதெல்லாம் கட்டாயம். வீட்டுலயும் கொழாய் வச்ச தொட்டில ஊத்தி வைங்க, குவளைய உள்ள முக்காதீங்க.

பிள்ளைங்களுக்கு கை கழுவுறத வாயால சொன்னா ஏறாது. உள்ளங்கைல சமையல் எண்ணெயும் கோப்பித் தூளும் தடவி விட்டு வெறும் தண்ணில கழுவ சொல்லுங்க, அப்புறம் சோப்பு போட்டு 20 வினாடி தேய்க்க சொல்லுங்க, அவங்களே பாத்து தெரிஞ்சிக்குவாங்க. 5 லிட்டர் எண்ணெ பாட்டில்ல ஓட்ட போட்டு குச்சில தொங்க விட்டு, கால்ல மிதிச்சா சாயிற மாதிரி கயிறு கட்டி ஜாம்பான் வாசல்லயே வச்சிட்டோம், பக்கத்துலயே சோப்ப பழைய ஸ்டாக்கிங்ல போட்டு கட்டியாச்சி. பெரியம்மாதான் இப்ப சோப்பு தீந்தா வாங்கி வைக்கிறாங்க, மாசம் வீட்டுக்கு 2 வெள்ளி வசூல்.

மழைல கிணத்து விளிம்ப தாண்டி தண்ணி ஏறுச்சின்னா யோசிக்க வேணாம், எறைக்கிறதுல இருந்து திரும்ப எல்லாத்தையும் செய்யுங்க.